பெஞ்சு இல்லாத டீக்கடை

உட்கார இடம் தரும் டீக்கடைகள், வாடிக்கையாளர்களின் வசதிக்காகக் கழிப்பறையும் கட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. இருளப்பன் கடையில் அடுப்புக்கே இடம் போதாது. தன்னிடமிருந்த ஒரே பெஞ்சை அவர் உடைத்து விறகாக்கினார். அன்றிலிருந்து எல்லோரும் நின்றே குடித்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள்.

ஆய்வுக்கு அதிகாரி மரியசூசை வந்தார். கடைகடையாக ஏறி இறங்கியதில் அவருக்குக் கால் கடுத்தது. "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றபடி காலிப் பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்காரப் போனார்.

"ஐயையோ சார், உக்காந்துராதீங்க! நீங்க உக்காந்தா நான் கக்கூஸ் கட்டணும்!" என்று இருளப்பன் அலறினார்.

அதிகாரி பாதியிலேயே நின்றார். எழ முழங்கால் விடவில்லை, உட்கார உத்தரவு விடவில்லை. அப்படியே கையை நீட்டி டம்ளரை வாங்கினார். டீயோ, நாக்கு வைக்க முடியாத சூடு.