வளைவு வந்தால் சூடாகும் வண்டி

டிரைவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்ததும், மதிலுக்குப் பின்னால் பைக்கோடு ஒளிந்து நின்ற மெக்கானிக்குக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. இன்ஜின் கொதிக்கிறதென்று லாரியை ஓரங்கட்டிய எவரும் முதல் வேலையாகத் தலை வாரி அவர் பார்த்ததில்லை.

லாரிக்கு வயது பதினொரு மாதம்தான். பதினைந்து நாளாகத் திடீர் திடீரென்று சூடேறுகிறது என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் தினமும் இதே வளைவில். நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால்தான் கிளம்புமாம். சரக்கு போய்ச் சேர தினமும் அரை மணி நேரம் தாமதம்.

மெக்கானிக் எதையும் விட்டுவைக்கவில்லை. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. பம்ப்பில் குறையில்லை, ரேடியேட்டரில் அடைப்பில்லை. சூடேறினால் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால் சமர்த்தாகத் திறந்தது. முழுப் பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பார்த்தும், சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

அவரை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். தினமும் ஒரு வாளி குழாய்த் தண்ணீர் குடித்த வண்டியில், இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைத் திரவமான கூலன்ட் வெளிறிப் போயிருக்க வேண்டும். இதிலோ கிளிப்பச்சை குறையவே இல்லை.

“வண்டியில கோளாறு இல்லேன்னா, ஓட்டுறவன்கிட்ட கோளாறு,” என்றார் முதலாளி. “வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லேன்னா ஆளை மாத்திடறேன்.”

அதனால்தான் இன்று இந்தத் துப்பறியும் வேலை.

வளைவுக்கு எதிரே நீல கேட் போட்ட ஒரு வீடு. லாரியின் சத்தம் அடங்குவதற்குள், ஓர் இளம்பெண் நிரம்பிய வாளியோடு கேட்டுக்கு வந்துவிட்டாள். டிரைவர் வெளியே நின்றபடியே வாங்கிக்கொண்டார். அவள் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார். இரண்டு பேர் முகத்திலும் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

‘ஐம்பத்தஞ்சு வயசுல மனுஷனுக்கு இது தேவையா’ என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் உள்ளே போனதும், டிரைவர் லாரியின் மறுபக்கமாக வந்து வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“ரேடியேட்டர் அங்க இல்லண்ணே. முன்னாடி இருக்கு,” என்றபடி மெக்கானிக் மதிலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

டிரைவர் கையிலிருந்து வாளி நழுவியது.

“அண்ணே, உங்களுக்குப் புத்தி சொல்ற வயசு எனக்கு இல்ல. ஆனா அந்தப் பொண்ணுக்கு உங்க மக வயசுதான் இருக்கும்.”

“மகதான் தம்பி.”

டிரைவர் லாரிப் படியில் உட்கார்ந்தார்.

“மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு கத்திட்டேன். மூணு வருஷம் ஆச்சு. எங்க இருக்கான்னுகூட விசாரிக்கல.”

“அப்புறம்?”

“பதினஞ்சு நாளைக்கு முன்னால ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் தளர்ந்து ஒழுகி, வண்டி நெசமாவே இங்கதான் கொதிச்சு நின்னுது. தண்ணி கேட்டு எதிர்ல இருந்த கேட்டைத் தட்டினேன். திறந்தது அவ. இடுப்புல ஒரு குட்டி.” அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கிளிப்பை அன்னைக்கே மாத்திட்டேன். கூலன்ட்டையும் புதுசா ஊத்திட்டேன். ஆனா மறுநாள் இந்த வளைவு வந்ததும் காலு தானா பிரேக்கை மிதிச்சுடுச்சு.”

“உள்ள போக வேண்டியதுதானே?”

“சொன்ன சொல் இருக்கே. கேட்டுக்கு வெளிய நின்னா அது வாசப்படிக் கணக்குல வராது.”

“என்ன பேசிக்குவீங்க?”

“போதுமான்னு கேப்பா. போதும்னு சொல்வேன். அவ்வளவுதான்.”

“சீப்பு எதுக்குண்ணே?”

“அப்பன் கெழவனாயிட்டான்னு அவ நெனச்சுடக் கூடாதில்ல?” டிரைவர் எட்டி மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். “வண்டிக்குத்தான் தண்ணின்னு நம்பிக் குடுக்கிறா தம்பி. நடிக்கிறேன்னு தெரிஞ்சா நாளைக்குக் கேட்டையே திறக்க மாட்டா.”

மெக்கானிக்கின் செல்போன் அடித்தது. முதலாளி.

“கண்டுபிடிச்சுட்டேன் முதலாளி,” என்றார் மெக்கானிக், டிரைவர் முகத்தைப் பார்த்தபடி. “ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. மாத்தியாச்சு. டிரைவர் மேல தப்பு இல்ல. நாளையிலேருந்து வண்டி எங்கயும் நிக்காது.”

டிரைவருக்கு வேலை தப்பியது. அவர் முகத்தில் அதற்கான சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. வாளியை எடுத்து நீட்டினார்.

“நீயே குடுத்துடு தம்பி. நான் போனா, நாளைக்கு வர மாட்டேங்கறது மூஞ்சியிலயே தெரிஞ்சுடும்.”

மெக்கானிக் சாலையைக் கடந்தார். அவள் கேட்டருகிலேயே நின்றிருந்தாள். வாளியை வாங்கிக்கொண்டு, அவருடைய கிரீஸ் படிந்த கைகளைப் பார்த்தாள்.

“வண்டியைச் சரி பண்ண வந்தவரா?”

“ஆமாம்மா.”

அவள் லாரிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சரி பண்ணிடாதீங்கண்ணே.”