சண்டை இல்லாத ஊரில் ஒரு வீடு

அந்த அக்கா தங்கை வீட்டில் மறுபடியும் சண்டை என்று தகவல் வந்ததும், அமைதி அலுவலர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கிளம்பினார்.

அந்த நகரத்தில் சண்டை ஓய்ந்து இருநூறு வருஷம் ஆகிறது. பசி கிடையாது, வாடகை கிடையாது, கதவுகளுக்குப் பூட்டும் கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டதால், எதற்காகச் சண்டை போடுவது என்றே ஜனங்களுக்கு மறந்துபோயிருந்தது. புகார் சொல்ல வருகிறவர்கள்கூட முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

அமைதி அலுவலர் என்ற வேலை பேருக்குத்தான் இருந்தது. வெளியூரிலிருந்து இந்தக் குடும்பம் குடிவந்த பிறகுதான் அவர் செருப்பு தேய்ந்தது.

இரண்டு முறை எச்சரித்தாகிவிட்டது. மூன்றாவது முறை என்றால் வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊர் மதிலுக்கு அப்பால் பசி, வாடகை எல்லாம் அப்படியே இருந்தன.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

உள்ளே அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். தங்கை கொண்டையை இழுத்து முடிந்துகொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் அவர்களுடைய அப்பா, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சந்தையில் ஏலம் விட்டவராம். அலுவலருக்கு அதை நம்ப முடிந்ததில்லை.

"இன்னிக்கு என்ன?" என்றார்.

ஈரத் துண்டை நாற்காலியில் போட்டது யார் என்பதுதான் விவகாரம். போன தடவையும் அதேதான்.

"இந்த ஊர்ல ஈரத் துண்டு எங்கேம்மா இருக்கு? துடைச்ச மறு நிமிஷம் தானா காஞ்சிடுது."

இருவரும் ஒரு கணம் முழித்தார்கள்.

"அதெல்லாம் இவ நினைச்சா ஈரமாக்கிடுவா சார்," என்றாள் அக்கா.

"ஆமா, நீ பெரிய மகாராணி. உன் நாற்காலி பாரு," என்றாள் தங்கை.

மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். அலுவலர் விதிகளை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நாளைக் காலையில் மூன்று பேரும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்றார். இந்த ஊரில் இடம் கிடைக்க அவர்கள் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தார்கள் என்பதையும் நினைவுபடுத்தினார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தங்கை மட்டும் அப்பா பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் உயர்த்தினாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குரலை உயர்த்தாத அலுவலருக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும். வெட்கமா இல்ல?"

ஜன்னலோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"யாருடா நீ?"

பெரியவர் எழுந்து நின்றிருந்தார்.

"என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்ணுங்களை அதட்டுறதுக்கு நீ யாருடா? அதுங்க அடிச்சுக்கும், சேந்துக்கும். நடுவுல உனக்கென்ன நாட்டாமை?"

அதோடு விடவில்லை. அலுவலரின் சட்டை, அதில் குத்தியிருந்த வில்லை, அவரை வளர்த்தவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். ஏலம் விட்டவர்தான், சந்தேகமில்லை. கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தி, அலுவலரை முறைத்தபடி நின்றார்.

அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தங்கையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பயந்துவிட்டார்கள் என்று நினைத்தார் அலுவலர். பெரியவர் பேசியதைத் தான் பெரிதுபடுத்தப் போவதில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். ஆனால் வெளியேற்றும் விஷயத்தில் தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

அக்கா அவர் அருகில் வந்தாள். அப்பாவுக்குக் கேட்காமல் பேசினாள்.

"நாங்க போறோம் சார். இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து அப்பா வாயே திறக்கல. உடம்புல ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க டாக்டருங்க. ஒரு நாள் நாங்க நிஜமாவே சண்டை போட்டப்போ, 'சும்மா இருங்கடி'ன்னார். அன்னியிலேருந்து தினம் போடறோம். அந்த ஒரு வார்த்தைக்கு மேல வந்ததில்ல. இன்னிக்குத்தான் இவ்வளவு பேசியிருக்கார்."

அலுவலர் பெரியவரைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. கை நாற்காலியைத் தேடியது.

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். திறந்திருந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"என்னய்யா பெரியவரே, வாய் ரொம்ப நீளுது?"