ஹெட்போன் போடாதவர்கள்

அரெகிப்பா நகரில் நிலநடுக்க விஞ்ஞானிகளின் கூட்டம். மேடையில் ஆங்கிலத்தில் பேசப் பேச, பின்னாலுள்ள கண்ணாடி அறையில் மொழிபெயர்ப்பாளர் இருவர் மாறி மாறி, ஹெட்போனில் கேட்பவர்களுக்கு ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். கூட்டாளி எவாரிஸ்தோவுக்கு வயிறு சரியில்லாததால் யோலண்டா அன்று தனியாகவே சமாளித்தாள்.

பாறை உடைவதற்குச் சற்று முன் எழும் முனகலுக்குப் பேச்சாளர் புதிதாக ஒரு கலைச்சொல்லைச் சொன்னார். அதற்கு ஸ்பானிஷில் என்ன சொல்வது? யோலண்டா மைக்கை அணைத்துவிட்டு யோசித்தாள். கீழே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை; தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுத்தார்கள்.

ஒலியைக் கவனிக்கும் எர்னான் கதவைத் திறந்தான்.

“அசத்துறீங்கக்கா! அந்த வார்த்தைய எங்க புடிச்சீங்க?”

“கிண்டலாடா? நான் மைக்கை அணைச்சு எவ்வளவு நேரமாச்சு!”

“அப்ப இது யாரு, எங்க அத்தையா?”

அவன் நீட்டிய ஹெட்போனைக் காதில் வைத்தாள். அவள் குரல்தான். பிசிறில்லாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

பேச்சாளர் நன்றி கூறி முடித்தார். குரல் முடிக்கவில்லை.

“எந்திரிங்க. ஓடாதீங்க. சுவரோரமா நிக்காம வெளிய போங்க.”

கேட்டவர்கள் எழுந்து வரிசையாக வெளியேறினார்கள். எர்னானும் அவர்கள் பின்னால் போய்விட்டான். யோலண்டா பதறி, மைக்கைப் போட்டு ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் கை ஊன்றியிருந்த கண்ணாடி மெல்ல அதிரத் தொடங்கியது.

ஆங்கிலம்தான் தெரியுமே என்று ஹெட்போன் போடாதவர்கள் மட்டும் அரங்கில் உட்கார்ந்து, பேச்சாளருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.