ஏறுமுகம்

"பதினெட்டாயிரம்தான் இருக்கும்மா. ஒன்றரை லட்சமாவது இருக்கணும்."

"தேறிடுவானா?"

"கண்டிப்பா தேறிடுவான். இந்த டெங்குக் காய்ச்சல்ல ரத்தத்துல தட்டணு இப்படித்தான் விழும். அப்புறம் மளமளன்னு ஏறிடும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம். அப்புறம் ஜம்முனு கூட்டிட்டுப் போயிடலாம்."

"கூட்டிட்டுப் போயிடுவாங்க, இல்ல?" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறு நாளைக்கு முன்னால், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் நடந்த பேச்சு அது. இன்று காலை வேலைக்கு வந்ததும் ஊசி அக்காவுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஊசி அக்கா என்பது ரத்தம் எடுக்க வரும் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ரிப்போர்ட்டில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வது அவள் வேலை இல்லை. ஆனால் போன வருஷம் இதே காய்ச்சலில் அவளுடைய ஆறு வயது மகன் சுருண்டு கிடந்தபோது, ஒவ்வொரு எண்ணுக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "எனக்கு எழுத்து தெரியாதும்மா, நீயே பாத்துச் சொல்லு" என்று ஒரு தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி முடியாது என்பது?

இருபத்தாறாயிரம். நாற்பதாயிரம். எண் ஏற ஏற, கவலையிலேயே அந்த அம்மாள் பாதியாகிவிட்டாள். நேற்று எண்பத்தெட்டாயிரம் என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஊசி அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் அறை என்று மட்டும் எழுதிய, ரத்தம் அடைத்த சிறு குழாயைக் கொண்டு வருவதும், ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவதும் வேறொருவர். ஒட்ட வெட்டிய முடி, வாட்டசாட்டமான உடம்பு, பளபளக்கும் பூட்ஸ்.

"யாரும்மா அவரு? உங்க தம்பியா?"

"இல்லம்மா. பையனுக்குத் துணைக்கு இருக்கிறவரு. ராத்திரி பகல்னு பாக்காம கூடவே இருக்காரு."

"குடுத்து வெச்சவன் உங்க பையன். என் பையன் படுத்தப்போ என் வீட்டுக்காரரு ரெண்டாம் நாளே ஆபீசுக்கு ஓடிட்டாரு."

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

இன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து மேஜை அண்ணன் பேப்பரைப் பிரித்தார். "அந்த அடகுக்கடை வாட்ச்மேனைக் குத்திக் கொன்னானே, அவனோட தூக்கை மறுபடியும் தள்ளி வெச்சுட்டாங்களாம்."

"தள்ளி வெச்சு, சோறு போட்டு, நல்லா வளர்க்கட்டும்!" ஊசி அக்கா பஞ்சைக் குப்பைக் கூடையில் விசிறி எறிந்தாள். "என்கிட்ட விட்டா நானே கயித்தை இழுத்துடுவேன்."

"அடேங்கப்பா! ஒரு ஊசி குத்துறதுக்கே 'வலிக்குதா கண்ணா'ன்னு பத்து தடவை கேக்கிற ஆளு நீ." அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி, இவனைத் தொங்க விட்டா நாளைக்கு இன்னொருத்தன் கத்தியைத் தூக்காம இருந்துடுவானா?"

"இன்னொருத்தன் கதை எனக்குத் தெரியாதுண்ணா. இவன் மறுபடி தூக்க மாட்டான்ல? அது போதும்."

"செத்தவருக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா."

ஜன்னலில் அந்த அம்மாள். எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை.

"சின்னது அப்போ கைக்குழந்தை," என்றாள் மெல்ல.

"கேட்டீங்களாண்ணா? அம்மாவுக்கே வயிறு எரியுது பாருங்க. அந்தப் பிஞ்சுங்களுக்காகவாவது அவனைத் தொங்க விடணும்."

அந்த அம்மாள் ஆமாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். கண் மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷின் சத்தம் நின்றது. காகிதத்தை இழுத்துப் பார்த்த ஊசி அக்காவின் முகம் பூரித்துப்போனது.

"அம்மா! ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்! எல்லாமே சரியாயிடுச்சு. இனிமே உங்க பையனுக்கு ஒண்ணுமில்லை, நாளைக்கே வெளியே வந்துடுவான். நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். கம்பி இடுக்கில் நுழைந்து வந்த ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

"என்னம்மா? உட்காருங்க முதல்ல."

நடைபாதையின் கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆறு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை, கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டபோது ஒருவழியாக வெளியே வந்தது.

"கொஞ்சம் கொறைச்சு எழுதிக் குடும்மா... அவன் தேறினாதான் தூக்குல போடுவாங்களாம்."