வானம் பார்த்த கேமரா

"அப்பா, மறுபடியும் திருப்பிட்டாரு!"

மகன் போனை நீட்டினான். வாசலைக் காட்ட வேண்டிய கேமரா வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"யாருடா?" அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வேற யாரு, பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். அவர் வாசலும் கேமராவுல விழுதுன்னு அன்னைக்கு வானத்துக்கும் பூமிக்குமா குதிச்சாரே! எதையோ மறைக்கிறாருப்பா."

கேமரா மாட்டியவர் வந்து, பதிவை ஓட்டிப் பார்த்தார். "ஆள் முகம் விழல சார். ஒரு கம்பு மட்டும் கீழயிருந்து வந்து நெட்டித் தள்ளுது. பேசாம அவங்க வாசல் தெரியாத மாதிரி திருப்பி மாட்டிடவா? வம்பே இருக்காது."

"முடியாது! அங்க யார் போறா, யார் வர்றான்னு நான் பாத்தே ஆகணும்" என்றான் மகன்.

அப்பா பேப்பரை மடித்தார். "அந்தாளு சங்காத்தமே வேண்டாம், அந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதீங்கன்னு எங்கிட்ட சொன்னவன் நீ. அப்புறம் அவன் வாசல் உனக்கு எதுக்கு? திருப்பச் சொல்லு."

மகன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். "சரி, உங்களுக்காக விடுறேன்" என்றான்.

கேமரா திரும்பியது. திருகுகள் இறுகின.

மகன் ஆபீசுக்குக் கிளம்பியதும் அப்பா கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"டேய், நீ குதிச்ச குதி வீண் போகல. கேமராவைத் திருப்பியாச்சு. கேரம் போர்டை எடுத்துப் போடு, வர்றேன். இனிமே இந்தக் கைத்தடி நடக்கிறதுக்கு மட்டும்தான்!"