சனிக்கிழமைச் சங்கு

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஆர்வில் என்பவன் வீட்டுக் கொல்லையில் நின்ற பெக்கான் கொட்டை மரத்தைச் சென்ற ஆண்டுச் சுழல்காற்று வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. இந்த ஏப்ரலில் ஒருநாள் காலை அது பழைய குழியிலேயே வந்து நின்றது. மேற்குப் பக்கம் பட்டை இல்லை. கிளைகளில் துளிர் விட்டிருந்தது. குழித் தண்ணீரில் குடியேறியிருந்த தவளைகள் அன்றே வேறு இடம் பார்த்துக்கொண்டன.

"இளைச்சுப் போச்சு," என்றாள் அவன் மனைவி வெர்லீன்.

"ஊர் சுத்தினா இளைக்காம என்ன பண்ணும்?" என்றான் ஆர்வில்.

அந்த ஊரில் சனிக்கிழமை நண்பகல்தோறும் புயல் எச்சரிக்கைச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். மரம் திரும்பி வந்த வாரச் சனிக்கிழமையும் சங்கு ஊதியது. ஆர்வில் இன்னொரு சோளரொட்டியை எடுத்தான்.

"மரத்தைக் காணோம்," என்றாள் வெர்லீன், சன்னலில் நின்றபடி.

இருவரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். குழி காலியாக இருந்தது. புயலுக்கு ஒளியக் கொல்லையில் கட்டிய நிலவறையின் இரும்புக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவிடுக்கில் ஒரு துளிர்க்கொத்து மாட்டியிருந்தது.

"சும்மா சோதனைதான், பயந்தாங்கொள்ளி! வெளிய வா!" ஆர்வில் கதவைத் தட்டிச் சிரித்தான். உள்ளே இலைகள் சலசலத்தன. தாழ் அசையவில்லை.

சங்கு நிற்கவே இல்லை. வெர்லீன் மேற்கே திரும்பினாள். வானம் பாசி நிறத்தில் இருந்தது. அதிலிருந்து சுழல்காற்றின் வால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முட்டிபோட்டுக் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"கண்ணு, நாங்க ரெண்டே பேருதான். கொஞ்சம் தள்ளி உக்காரேன்."