கை வைக்காத மெக்கானிக்

"இவ்வளவு பெரிய மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு, இவ இப்படி வெயில்ல தரையில குப்புறப் படுத்துக் கிடக்கணுமா?"

அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

படுத்துக் கிடந்தவள் அவன் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். அவள் முகத்துக்கு நேரே அவளுடைய ரிமோட் கார். முழங்கை நீளம்தான் இருக்கும். தரைக்கும் அதற்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது. அவ்வளவு தாழ்வாக இறக்கியிருந்தாள். பார்க்கிறவர்களெல்லாம் அதைக் 'கரப்பான்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூடிக் கிடந்த தொழிற்சாலையின் நீளமான தார் ரோட்டில் போட்டி. எந்தக் கார் அதிக வேகத்தில் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்குக் கோப்பை. ஆளுக்கு இரண்டு ஓட்டம்.

முதல் ஓட்டத்தில் கரப்பான் சீறிக்கொண்டுதான் கிளம்பியது. பாதி வழியில் 'டக்'கென்று ஒரு சத்தம். பம்பரமாகச் சுற்றி, ஓரத்துப் புல்லில் போய் விழுந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றும் சின்னக் கம்பி, அந்த டிரைவ் ஷாஃப்ட், கழன்று நடுரோட்டில் கிடந்தது.

தங்கையின் கணவரோ மடக்கு நாற்காலியில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஷாஃப்ட் கழண்டுடுச்சு."

"பார்த்தேன் மச்சான்."

"கொஞ்சம் போய் என்னன்னு பாருங்களேன்."

"அது அவ காரு. இந்தாங்க, சுளை எடுத்துக்குங்க. நல்லா இனிக்குது."

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பாதிக் கார்கள் இந்த மனுஷன் கை பட்டுத்தான் ஓடுகின்றன. பெண்டாட்டி கார் என்றால் மட்டும் கை சுளுக்கிக்கொள்ளுமாக்கும்!

கடுப்போடு தங்கையிடம் திரும்பி வந்தான்.

பக்கத்து மேசைப் போட்டியாளர் ஒருவர் அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "காரைக் கொஞ்சம் தூக்கி வச்சுடும்மா. கழலவே கழலாது."

"தூக்கினா அடியில காத்து புகுந்துடும் சார். அப்புறம் கார் ஓடாது, பறக்கும்."

கழன்ற ஷாஃப்டைப் பழையபடி மாட்டிவிட்டு, வேலைப் பெட்டியிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். காருக்கு அடியில் நுழைத்தாள்.

"அண்ணே, செல்போன் லைட்டை இப்படி அடி. ஆங்… தெரியுது பாரு. காரை இறக்கினதுல சக்கரம் மேல ஏறிடுச்சு. கியர்பாக்ஸ் கீழேயே நிக்குது. நடுவுல இந்த ஷாஃப்ட் சாய்வா சுத்துது."

"அதனால?"

"கோணலா மாட்டின பல்செட்டு மாதிரிதான். மெதுவா மென்னா தாங்கும். வேகமா மென்னா வெளிய வந்து விழும்."

அண்ணன் தன் கடைவாயை நாக்கால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கியர்பாக்ஸைக் கழற்றி, அடியில் மெல்லிய வாஷர்களைக் கொடுத்து உயர்த்தி முடுக்கினாள். ஷாஃப்ட் நேரானது. ஆனால் இரண்டு முனைகளும் உட்காரும் கிண்ணத்துக்குள் அது இன்னும் முன்னும் பின்னும் நழுவியது. உள்ளே ஏதாவது மெத்தென்று வைத்தால் நிற்கும். பெட்டியைக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் பார்வை அண்ணன் கழுத்தில் தொங்கிய இயர்போன் மேல் விழுந்தது.

"ஏய், அது புதுசு…"

சொல்லி முடிப்பதற்குள் அதன் ரப்பர் மூடி அவள் கையில். பிளேடால் நறுக்கி, கிண்ணங்களுக்குள் ஒவ்வொரு துண்டாக அழுத்தினாள். சக்கரத்தைக் கையால் சுற்றினாள். முன்பு கரகரவென்று அரைத்தது, இப்போது சத்தமே இல்லை.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி ஓடினான்.

"சரியா மாட்டியிருக்காளான்னு ஒரு பார்வையாவது பார்த்துச் சொல்லுங்க மாப்ளே. இதுதான் கடைசி ஓட்டம்."

"சரியா மாட்டியிருந்தா ஓடும் மச்சான்."

பின்னால் யாரோ ஒரு பெண், "பாவம் அந்தப் பொண்ணு. வீட்டுக்காரருக்குப் பொறாமை போல" என்று முணுமுணுத்தது இருவர் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளை அடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டம்.

கரப்பான் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு பாய்ந்தது. கழன்ற இடத்தைத் தாண்டியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது கார் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

மைக் அலறியது. "மணிக்கு நூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர்! இன்னைக்கு இதுதான் உச்சம்!"

காதைப் பிளக்கும் விசில் ஒன்று கேட்டது. அண்ணன் திரும்பினான். நாற்காலி கவிழ்ந்து கிடக்க, மாப்பிள்ளைதான் வாயில் இரண்டு விரலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"கழண்ட காரை நம்ம கண்ணு முன்னாடியே பிரிச்சு மாட்டி ஜெயிச்சிருக்காங்க! மேடைக்கு வாங்கம்மா!"

முழங்கையெல்லாம் கிரீஸ் கறையோடு தங்கை மேடை ஏறினாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கோப்பையை அவள் தலைக்கு மேலே தூக்கினாள்.

"என் தங்கச்சி! எனக்கு நேர் இளையவ!" அண்ணன் அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு பூரிச்சுப் போறவரு, அப்பவே எழுந்து வந்து அவளுக்கு ஒரு கை கொடுத்திருக்கலாமில்ல?"

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"போன வருஷம் கொடுத்தேன் மச்சான். ஒரே ஒரு திருகுதான் முடுக்கினேன். கோப்பையைக் கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டாங்க."